ஆலைச் சக்கையை அப்படியே பாத்தியில் கொட்டலாமா? – வாசகர் கேள்வி-பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். ஜூஸ் ஆலையில் சக்கையைச் சும்மா கொடுக்கிறார்கள், சிப்ஸ் போடும் இடத்தில் தோல் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது, இதையெல்லாம் இயற்கை முறையில் வளர்க்கும் காய்கறிக்குப் போடலாமா என்று கேட்கிறீர்கள். சிலர் போட்டே விட்டார்கள், செடி மஞ்சளான பிறகுதான் பேனாவை எடுத்திருக்கிறார்கள். பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் யார் பெயரையும் போடவில்லை.

பழச்சாறு ஆலையிலிருந்து ஒரு லோடு சக்கை வந்து இறங்கிவிட்டது. அடுத்த வாரம் தக்காளி நாற்று நடப் போகிறேன். மண்ணோடு கலந்து உழுதுவிடலாமா?

உழாதீர்கள். நாற்றை ஒத்திப்போடுங்கள், இல்லையென்றால் சக்கையை வேறு இடத்தில் குவியுங்கள், இரண்டில் ஒன்று.

பச்சைச் சக்கையில் இருப்பது சர்க்கரை, அமிலம், தண்ணீர். மண்ணில் இருக்கிற நுண்ணுயிர்களுக்கு இது விருந்து. சர்க்கரையைக் கண்டதும் அவை மளமளவென்று பெருகும், பெருகுவதற்குத் தழைச்சத்து (நைட்ரஜன்) வேண்டும், அதை மண்ணிலிருந்துதான் உறிஞ்சும், அப்போது உங்கள் நாற்றுக்கு மிஞ்சுவது ஒன்றுமில்லை. அதோடு மண்ணுக்குள் இருக்கும் காற்றையும் அவையே தீர்த்துவிடும். காற்றில்லாத இடத்தில் சக்கை புளித்து அமிலங்கள் உண்டாகும், இளம் வேர் கருகும். ஆப்பிள் சக்கை எடுத்த எடுப்பிலேயே பி.எச். (புளிப்பைக் காட்டும் அளவு, 7-க்குக் கீழே போகப் போகப் புளிப்பு) 4 அல்லது அதற்கும் கீழே இருக்கும், அவ்வளவு புளிப்பு.

சரி, லோடு வந்துவிட்டது, என்ன செய்வது? குவியல் போடுங்கள். கார்பன் 25 முதல் 30 பங்கு, நைட்ரஜன் 1 பங்கு என்ற அளவில் கலவை இருந்தால் நன்றாக மட்கும். பழச்சக்கையில் இது பெரும்பாலும் 30-க்கு மேலேதான் இருக்கும், அதாவது தழைச்சத்து கொஞ்சம் குறைவு. ஆனால் ஈரம் மிக அதிகம், தனியாகக் குவித்தால் கூழாகி அமுங்கிவிடும். ஈரத்தை உறிஞ்ச வைக்கோலோ காய்ந்த இலையோ சேர்த்தால் கார்பன் இன்னும் ஏறும், அதனால் கூடவே சாணமோ பிண்ணாக்கோ சேர்த்தாக வேண்டும். இந்த மூன்றாவது சாமானைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள், அப்புறம் குவியல் சூடே ஆகவில்லை என்று புலம்புகிறார்கள்.

ஈரம் சரியா என்று பார்க்க மீட்டர் எதுவும் வேண்டாம். ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். விரல் இடுக்கில் இரண்டு மூன்று சொட்டு எட்டிப் பார்த்தால் சரி, ஒழுகினால் வைக்கோல் போதவில்லை, கையைத் திறந்ததும் பொலபொலவென்று உதிர்ந்தால் தண்ணீர் தெளிக்க வேண்டும். நன்றாக அமைந்த குவியல் இரண்டு மூன்று நாளிலேயே சூடேறும். நடுவில் ஒரு இரும்புக் கம்பியைச் செருகிவைத்து, கொஞ்ச நேரம் கழித்து உருவித் தொட்டால் கையில் பிடிக்க முடியாது. 55 டிகிரி செல்சியஸைத் தாண்டினால்தான் நோய்க்கிருமிகளும் பெரும்பாலான விதைகளும் சாகும். நடுப்பகுதி மட்டும் சூடானால் போதாது, வெளியில் இருப்பது உள்ளே போக வேண்டும், அதற்குத்தான் புரட்டுவது. அமெரிக்காவின் இயற்கை வேளாண் விதிகளில் திறந்தவெளிக் குவியல் 15 நாள் 55 முதல் 77 டிகிரியில் இருக்க வேண்டும், அதற்குள் 5 முறை புரட்ட வேண்டும் என்றே எழுதி வைத்திருக்கிறார்கள். 70-ஐத் தொடவிடாமல் முன்னாலேயே புரட்டிவிடுவது என் வழக்கம், ரொம்பச் சூடேறினால் வேலை செய்கிற நுண்ணுயிர்களும் செத்துப்போகும். சூடு தணிந்த பிறகு இரண்டு மூன்று மாதம் சும்மா கிடக்கட்டும்.

உங்கள் சக்கை தக்காளிச் சக்கையாக இருந்தால் இன்னொன்று. தக்காளியைத் தாக்கும் மொசைக் வைரஸ் வகைகள் சூட்டுக்கு லேசில் மசியாதவை. அந்த மட்கைத் தக்காளி, மிளகாய், கத்தரி, உருளை எதற்கும் போடாமல் கீரைக்கோ பூசணிக்கோ போடுங்கள்.

உருளைக்கிழங்குத் தோல் வாங்கிப் போட்டேன். மண் மேலே ஓடு மாதிரி இறுகிவிட்டது, தண்ணீர் உள்ளே இறங்க மாட்டேன் என்கிறது. தோலில் என்ன இருக்க முடியும்?

தோலில் ஒன்றுமில்லை. தோலை உரித்த விதத்தில் இருக்கலாம். ஆலைகளில் தோல் உரிக்க மூன்று வழி: உராய்த்து எடுப்பது, நீராவியில் உரிப்பது, காஸ்டிக் சோடா கரைசலில் முக்கி எடுப்பது. கடைசி வழியில் வந்த தோலில் சோடியம் ஏறியிருக்கும். சோடியம் களிமண் துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவிடாமல் பிரித்துவிடும், பிரிந்த துகள் மண்ணின் துளைகளை அடைக்கும், காய்ந்ததும் நீங்கள் சொன்ன அதே ஓடு வரும். மண்ணைச் சோதனைக்குக் கொடுத்து சோடியம் அளவைப் பாருங்கள், அதுவரை இன்னொரு மூட்டை வேண்டாம்.

கழிவு வாங்கப் போகிறவர்கள் ஆலை வாசலில் எவ்வளவு தருவார்கள் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். நான் முதலில் கேட்பது, இதில் என்ன சேர்த்தீர்கள் என்று. உப்பா, சோடாவா, அமிலமா, கெட்டுப்போகாமல் இருக்க ஏதாவது மருந்தா, சுத்தம் செய்யும் தண்ணீரும் இதே தொட்டியில்தான் விழுகிறதா? தொட்டியைக் கழுவும் சோடாத் தண்ணீர் சக்கையோடு சேர்ந்து வருவது சாதாரணமாக நடக்கிற விஷயம். பதில் சொல்லத் தயங்குகிற இடத்தில் நான் சாக்கை விரிப்பதில்லை. பி.எச். தாள் ஒரு சின்னப் புத்தகம் மாதிரி வரும், சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். சக்கையைத் தண்ணீரில் கரைத்து தாளை முக்கினால் அரை நிமிடத்தில் நிறம் சொல்லிவிடும். பழச்சக்கை புளிப்பாக இருப்பது இயல்பு, கிழங்குத் தோல் 9, 10 என்று காட்டினால் சோடா.

உப்பு விஷயத்தில் பலரும் ஏமாறுகிற ஒரு இடம் உண்டு, மட்கினால் உப்பு போய்விடும் என்ற நம்பிக்கை. போகாது. குவியல் பாதியாகச் சுருங்கும்போது உள்ளே இருந்த உப்பு அதே அளவில் அப்படியே இருக்கும், அதாவது செறிவு கூடும். ஊறுகாய்த் தண்ணீர், உப்பிட்ட மீன் கழிவு, உப்புத் தூவிய நொறுக்குத் தீனிக் கழிவு எல்லாம் இந்தக் கணக்கில் வரும். எல்லாக் காய்கறியும் ஒரே மாதிரி தாங்காது. மண்ணின் உப்பு அளவு மீட்டருக்கு 1 டெசிசீமென்ஸை (மண் சோதனையில் உப்பைக் குறிக்கும் அலகு, dS/m) தாண்டியதுமே பீன்ஸும் கேரட்டும் விளைச்சலைக் குறைக்க ஆரம்பிக்கும், வெங்காயம் 1.2-இல், பீட்ரூட்டோ 4 வரை அசராது.

காபித் தூள் சக்கை மண்ணைப் புளிப்பாக்கும், செடிக்கு நல்லது என்று படித்து, இரண்டு மாதமாகத் தினமும் தொட்டியில் போட்டு வந்தேன். முள்ளங்கி வளரவே இல்லை. எங்கே தவறு?

"தினமும்" என்ற இடத்தில். காபி இறக்கிய பிறகு மிஞ்சும் சக்கை அப்படியொன்றும் புளிப்பில்லை, புளிப்பு பெரும்பாலும் காபித் தண்ணீரோடு போய்விடுகிறது. 2016-இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் நடந்த ஆய்வு ஒன்றில் பிராக்கோலி, லீக், முள்ளங்கி, வயோலா, சூரியகாந்தி ஐந்துக்கும் பச்சைக் காபிச் சக்கையை நேரடியாக மண்ணில் கலந்து பார்த்தார்கள், எல்லாமே குன்றிப்போயின. உரம் போட்டும் பார்த்தார்கள், பலனில்லை. பி.எச்.-ஐயோ தழைச்சத்துக் குறைவையோ காரணம் சொல்ல முடியாத நிலையில், சக்கையில் இருக்கும் ஏதோ ஒரு நச்சுப் பொருள்தான் செடியைத் தடுக்கிறது என்ற முடிவுக்கு வந்தார்கள். அதே ஆய்வில் மண் ஈரம் பிடிக்கும் திறன் கூடியது என்பதும் உண்மை. ஆக, சாமான் நல்லதுதான், நேரம்தான் தப்பு. மட்குக் குவியலில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் போடுங்கள். தொட்டியில் இருக்கிறதைச் சுரண்டி எடுத்துவிட்டு, மேல்மண்ணை மாற்றி, புதிதாக விதையுங்கள். முள்ளங்கிக்கு ஒரு மாதம்தானே, பெரிய நஷ்டமில்லை.

எல்லாவற்றையும் மட்க வையுங்கள் என்கிறீர்களே, நேரடியாகப் போடக்கூடிய கழிவே கிடையாதா?

உண்டு, பிண்ணாக்கு. எண்ணெய் ஆட்டி மிஞ்சியது என்பதால் அதுவும் ஆலைக் கழிவுதான், நாம்தான் உரம் என்றே பழகிவிட்டோம். கடலைப் பிண்ணாக்கில் சுமார் 7 சதவீதம் தழைச்சத்து. சதுர மீட்டருக்கு 100 கிராம் தூவினால் 7 கிராம் வருகிறது, அதில் பாதிக்கு மேல் அந்தப் பருவத்திலேயே செடிக்குக் கிடைத்துவிடும். நடுவதற்கு இரண்டு வாரம் முன்பு மண்ணில் கலந்து ஈரமாக வையுங்கள், வேரை ஒட்டிக் குவித்தால் அழுகும்போது வரும் அமோனியா வேரைச் சுடும், ஈயும் மொய்க்கும்.

ஆனால் எந்தப் பிண்ணாக்கு என்று பார்க்க வேண்டும். ஆமணக்குப் பிண்ணாக்கில் ரிசின் என்ற கடும் விஷம் இருக்கும், முறையாகச் சூடுபடுத்தித்தான் அதை முறிக்க முடியும். வாசனைக்கு நாய் தோண்டித் தின்றால் பிழைப்பது கஷ்டம், எலும்புத் தூளோடு கலந்து போட்டால் நாய் தேடியே வரும். (சாக்லேட் ஆலையில் கிடைக்கும் கோகோ மேல்தோலும் நாய்க்கு ஆகாது, அது வேறு விஷம்.) கடுகுப் பிண்ணாக்கு ஈரம் பட்டதும் மூக்கில் ஏறும் நெடி வருமே, அந்த நெடிப் பொருள்தான் மண்ணில் இருக்கும் சில பூஞ்சைகளையும் நூற்புழுக்களையும் அடக்குகிறது. விதைக்கும் அது எமன். கலந்த பிறகு இரண்டு மூன்று வாரம் விதைக்காமல் விடுங்கள். மக்காச்சோளத்திலிருந்து ஸ்டார்ச் எடுக்கும் ஆலையில் மிஞ்சும் குளூட்டன் தூள் இன்னும் வேடிக்கை. தழைச்சத்து 10 சதவீதம் போல இருக்கும், ஆனால் முளைக்கிற விதையை வேர்விட விடாது. அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் நிக் கிறிஸ்டியன்ஸ் இதைக் கவனித்து 1991-இல் இயற்கைக் களைக்கொல்லி என்றே காப்புரிமை வாங்கிவிட்டார். நட்டு வேரூன்றிய செடிக்குப் போடலாம், கீரை விதைத்த பாத்தியில் போட்டால் கீரையே வராது.

பீர் ஆலையில் பார்லிச் சக்கை நிறையக் கிடைக்கும் என்கிறார்கள். வாங்கலாமா?

வாங்கலாம், வாங்கிய அன்றே வேலையை முடிக்க முடியுமென்றால். இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. ஒரு வெள்ளிக்கிழமை மாலை பன்னிரண்டு சாக்கு வந்தது. கையை விட்டால் வெதுவெதுப்பாக, வேகவைத்த தானிய வாசனையோடு, பார்க்கவே ஆசையாக இருந்தது. திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று தார்ப்பாயைப் போட்டு மூடிவிட்டு ஊருக்குப் போய்விட்டேன். திரும்பி வந்து தார்ப்பாயைத் தூக்கினால் சாக்குத் துணி நெளிகிறது, அதாவது புழு உள்ளிருந்து முட்டுகிறது. வாந்தியும் புளித்த மாவும் கலந்த மாதிரி ஒரு நாற்றம், சாக்கை இழுத்தால் அடி பிய்ந்து காலில் கொட்டியது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் வேலி வரை வந்து ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போனார், அவர் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

அதில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர், மிஞ்சியதில் புரதம் நிறைய. ஈரமும் புரதமும் சேர்ந்தால் வெயில் காலத்தில் இரண்டு நாள்கூடத் தாங்காது. இப்போதெல்லாம் காய்ந்த இலையை முதலில் சேர்த்து வைத்துவிட்டுத்தான் சக்கைக்குச் சொல்லி அனுப்புகிறேன். ஒரு கூடை சக்கைக்கு இரண்டு மூன்று கூடை இலை, இறக்கும்போதே அடுக்கிக்கொண்டே போவது, கடைசியில் மேலே ஒரு சாண் உயரத்துக்கு இலை. ஈ உட்கார இடம் இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

தக்காளிக் காயின் அடி கறுத்து அழுகுகிறது. முட்டை ஓடு போட்டால் நிற்குமா?

நிற்காது, குறைந்தபட்சம் இந்தப் பருவத்தில். ஓட்டில் 95 சதவீதம் போல கால்சியம் கார்பனேட்தான், ஆனால் கையால் நொறுக்கிப் போட்ட ஓடு பல வருஷம் கழித்தும் மண்ணில் அப்படியே கிடக்கும். மாவாக அரைத்தால், அதுவும் புளிப்பு மண்ணில், மெதுவாகக் கரையும். உங்கள் மண்ணில் கால்சியம் போதுமான அளவு இருக்கவே வாய்ப்பு அதிகம், தண்ணீர்தான் ஒரு நாள் வெள்ளமும் மூன்று நாள் வறட்சியுமாகப் போகிறது. கால்சியம் தண்ணீரோடுதான் செடிக்குள் ஏறும். மூடாக்குப் போட்டு ஒழுங்காகத் தண்ணீர் விடுங்கள்.

பாலாடைக்கட்டி செய்யும் இடத்தில் பால் திரிந்த தண்ணீரைக் கேன் கேனாகக் கீழே ஊற்றுகிறார்கள். செடிக்கு ஊற்றலாமா?

வேரில் வேண்டாம். அதில் 5 சதவீதம் போலப் பால் சர்க்கரை இருக்கிறது, பழச்சக்கைக்குச் சொன்ன கதைதான் இங்கேயும் நடக்கும். உப்புப் போட்ட பிறகு வடிந்த தண்ணீர் என்றால் தொடவே வேண்டாம். உப்புப் போடுவதற்கு முன் வடிந்தது என்றால் காய்ந்து கிடக்கும் மட்குக் குவியலில் தண்ணீருக்குப் பதிலாகத் தெளிக்கலாம், அதற்கு அருமையான சாமான்.

இலை மேல் தெளிக்க அதற்கு வேறு ஒரு உபயோகம் இருக்கிறது. பிரேசிலில் வாக்னர் பெட்டியோல் என்ற ஆய்வாளர் 1999-இல் வெளியிட்ட ஆய்வில், சுக்கினி (பூசணி வகைக் காய்) இலையில் வரும் சாம்பல் நோய்க்குப் பசும்பாலைத் தண்ணீரில் கலந்து தெளித்துப் பார்த்தார். 10 சதவீதமும் அதற்கு மேலும் கலந்தபோது நோய் நன்றாகவே அடங்கியது. பிறகு பால் திரிந்த தண்ணீரிலும் அதே மாதிரி பலன் பார்த்திருக்கிறார்கள். வெள்ளைப் பொடி இப்போதுதான் அங்கங்கே தெரிகிறது என்றால் இரண்டு செடியில் தெளித்துப் பாருங்கள், காலை வெயிலில், வாரம் ஒரு முறை. இலை முழுக்க வெள்ளையான பிறகு தெளித்துப் பிரயோஜனமில்லை.

ஆரஞ்சுத் தோலை லாரி லாரியாகக் கொட்டியதில் ஒரு காடே வளர்ந்துவிட்டதாமே? அப்படியிருக்க நீங்கள் பச்சைச் சக்கை கூடாது என்று பயமுறுத்துவது ஏன்?

நல்ல கேள்வி, மடக்கிவிட்டதாக நினைத்திருப்பீர்கள். கதை உண்மைதான். கோஸ்டா ரிகாவின் குவானகாஸ்தே பாதுகாப்புப் பகுதியில் டேனியல் ஜான்சன், வின்னி ஹால்வாக்ஸ் என்ற சூழலியல் தம்பதி 1990-களில் டெல் ஓரோ என்ற ஜூஸ் நிறுவனத்தோடு பேசி ஏற்பாடு செய்தார்கள். நிறுவனம் காட்டு நிலத்தைக் கொடுக்கும், பதிலுக்குப் பழத்தோலைப் பாழாய்ப்போன மேய்ச்சல் நிலத்தில் கொட்டிக்கொள்ளும். ஆயிரம் லாரி, 12,000 டன் தோல் இறங்கியது. போட்டி நிறுவனம் ஒன்று வழக்குப் போட்டு நிறுத்திவிட்டது, எல்லோரும் மறந்தும் போனார்கள். 16 வருஷம் கழித்து பிரின்ஸ்டன் பல்கலைக்கழகக் குழு போய் அளந்தபோது, தோல் கொட்டிய பக்கத்தில் மரங்களின் மொத்த எடை கொட்டாத பக்கத்தைவிட 176 சதவீதம் கூடுதல். 2017-இல் வெளியான முடிவு அது.

ஆனால் அங்கே முதலில் என்ன நடந்தது என்று பாருங்கள். அந்த நிலத்தை வேறெதையும் வளரவிடாமல் பிடித்து வைத்திருந்தது மேய்ச்சலுக்காகக் கொண்டுவந்து நட்ட புல். மேலே விழுந்த தோல் குவியல் அந்தப் புல்லை மூச்சுத் திணறடித்துக் கொன்றது, அப்புறம்தான் தோல் மட்கி கறுப்பு மண்ணாகி மரக்கன்றுகளுக்கு வழிவிட்டது. முரட்டுப் புல்லையே சாகடித்த சாமான் உங்கள் கத்தரி நாற்றை மட்டும் தடவிக்கொடுக்குமா? காட்டுக்கு 16 வருஷம் அவசரமில்லை. நமக்குத் தக்காளி மூன்று மாதத்தில் காய்க்க வேண்டும். ஆரஞ்சு, எலுமிச்சைத் தோலைப் பொடியாக நறுக்கிப் போட்டால் மட்கும். தோலில் இருக்கும் எண்ணெய் நுண்ணுயிர்களைக் கொஞ்ச நாள் தள்ளி நிற்க வைக்கும், அதனால் ஆரம்பத்தில் சுணங்கும்.

இயற்கை வேளாண் சான்றிதழுக்கு விண்ணப்பித்திருக்கிறேன். ஆலைக் கழிவு போட்டால் சான்றிதழ் போய்விடுமா?

போடுவதற்கு முன் கேட்டால் போகாது, போட்ட பிறகு சொன்னால் போகலாம். சான்று தருபவருக்கு ஆலையின் பெயர், கழிவின் பெயர், என்ன சேர்த்துப் பதப்படுத்தினார்கள் என்ற விவரம் மூன்றையும் எழுதிக் கொடுத்து, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். ஒரே பெயரில் வருகிற கழிவிலேயே ஒன்று செல்லும், ஒன்று செல்லாது. உதாரணமாக, சர்க்கரைப் பாகை நொதிக்கவைத்து சாராயம் வடித்த பிறகு மிஞ்சும் சாம்பல்சத்து மிகுந்த கழிவை ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிகள் அனுமதிக்கின்றன, அதிலேயே அம்மோனியம் சேர்ந்த வகையை விலக்கி வைத்திருக்கின்றன. மரபணு மாற்றிய சோயா, மக்காச்சோளத்திலிருந்து வந்த கழிவா என்றும் கேட்பார்கள், பதிலோடு போங்கள்.

மட்கு தயார் என்று எப்படித் தெரியும்? பார்க்கக் கறுப்பாகத்தான் இருக்கிறது.

கறுப்பை நம்பாதீர்கள், அரைகுறையாக வெந்ததும் கறுப்பாகத்தான் இருக்கும். கொஞ்சம் மட்கை ஈரமாக்கி ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் காற்றுப் புகாமல் கட்டி மூன்று நாள் வையுங்கள். அவிழ்க்கும்போது மண் வாசனை வந்தால் சரி. புளிப்போ அமோனியாவோ அடித்தால் இன்னும் ஒரு மாதம்.

அப்புறம் முள்ளங்கி விதை. ஒரு தட்டில் மட்கும் மண்ணும் பாதிப் பாதி, இன்னொரு தட்டில் வெறும் மண், இரண்டிலும் பத்துப் பத்து விதை. ஐந்தாம் நாள் முளைத்ததை எண்ணுங்கள், எண்ணியதோடு விடாமல் ஒன்றிரண்டு நாற்றை மெதுவாக நெம்பி எடுத்து வேரைப் பாருங்கள். வெள்ளையாக, நுனிவரை மெல்லிய பஞ்சு மாதிரி வேர்த்தூவிகளோடு இருந்தால் பாத்திக்குப் போடலாம். வேர் குட்டையாகி நுனி பழுப்பேறியிருந்தால் குவியலை இன்னொரு முறை புரட்டிவிட்டு, அடுத்த மாதம் வேறு பத்து விதையோடு வாருங்கள்.